ஒரு ஜோடி, இரண்டு பாஸ்போர்ட்

வேற்று நாட்டவரை, வேற்று இனத்தவரை மணந்த வாசகர்கள் வெளிநாட்டுப் பயணம் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். கட்டணமும் விசா விதியும் அடிக்கடி மாறுகிறவை. டிக்கெட் போடுமுன் அந்தந்தத் தூதரக இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் ஜெர்மன்காரர். மருதமலையில் கல்யாணம் செய்துகொண்டு கோவையிலேயே வசிக்கிறோம். பிரான்ஸ், இத்தாலி சுற்றிவிட்டு முனிச்சில் மாமனார் வீட்டுக்குப் போகத் திட்டம். ஏஜென்ட் பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ் என்று நீளமாகப் பட்டியல் போடுகிறார். ‘ஐரோப்பியர் பெண்டாட்டிக்கு அதெல்லாம் வேண்டாம்’ என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?
(வாசகி, கோவை)

பதில்: இருவரும் பாதிப் பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004/38 என்ற எண்ணுள்ள விதி ஒன்று இருக்கிறது. ஒன்றியத்தின் குடிமகன் தன் சொந்த நாடு அல்லாத இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போனால், கூடவே போகும் கணவன் அல்லது மனைவிக்கு விசா கட்டணம் கிடையாது. (மற்றவர்களுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ.) பணக் கையிருப்பு, ஹோட்டல் புக்கிங், 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் எதையும் கேட்கக் கூடாது. விண்ணப்பத்தையும் விரைவாக முடிக்க வேண்டும்.

‘சொந்த நாடு அல்லாத’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணவர் ஜெர்மன்காரர் என்பதாலேயே ஜெர்மனிக்கு இந்த விதியைக் காட்ட முடியாது. வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பிரான்சில் 6 இரவு, இத்தாலியில் 4, முனிச்சில் 5 என்றால் பிரான்சிடம் போங்கள், தோழி சொன்னது பொருந்தும். முனிச்சில் 10 இரவு என்றால் ஏஜென்ட் பட்டியல்தான். சலுகைக்காக இரவுகளை மாற்றி எழுதாதீர்கள். விமான டிக்கெட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரான்சிடம் கொடுக்க வேண்டியவை: உங்கள் பாஸ்போர்ட், அவருடைய பாஸ்போர்ட் (அசலும் நகலும்), திருமணச் சான்றிதழ், அவரும் உங்களோடு வருகிறார் என்பதற்கு ஆதாரம். கடைசியதற்கு அவர் பெயரும் உள்ள டிக்கெட் முன்பதிவு போதும். விண்ணப்பப் படிவத்தில் சில கட்டங்களுக்கு நட்சத்திரக் குறி இருக்கும். வேலை, வருமானம், தங்குமிடம் பற்றிய அந்தக் கட்டங்களை ஐரோப்பியரின் குடும்பத்தினர் நிரப்ப வேண்டியதில்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். ஏஜென்ட்டுகள் பழக்கதோஷத்தில் அதையும் நிரப்பிவிடுவார்கள். அப்புறம் விண்ணப்பம் சாதாரணச் சுற்றுலாப் பயணியுடையதாகவே நடத்தப்படும். விசா மையத்தில் முன்பதிவு செய்யும்போதே குடும்பத்தினர் பிரிவைத் தேர்வு செய்யுங்கள்.

உண்மையான சிக்கல் உங்கள் கல்யாணத்தில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். (சட்டத்தின் பார்வையில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அதற்குள் வருவார்கள்.) உங்கள் கணவர் கிறிஸ்தவராகவோ மதமில்லாதவராகவோ இருந்தால், மருதமலைத் தாலியை அந்தச் சட்டத்தில் பதிந்திருந்தாலும் அது கேள்விக்குள்ளாகும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதே சரியான வழி. ஏற்கெனவே சடங்கு முடித்தவர்களும் அதில் பதிந்துகொள்ளலாம். இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும், 3 சாட்சிகள் வேண்டும். அதாவது சார்பதிவாளர் அலுவலக வேலைக்கே குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். விசா அதற்குப் பிறகு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர்களை எழுத்தெழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். அவருடைய நடுப்பெயரை விட்டுவிடுவது, உங்கள் இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதுவது, இந்த இரண்டும்தான் அடிக்கடி நடக்கும் பிழைகள். அங்கேயே திருத்திக்கொண்டால் ஒரு மனுவோடு முடியும். வெளிநாட்டுத் தூதரகம் கண்டுபிடித்தால் மாதக்கணக்கு. சான்றிதழுக்கு அப்போஸ்டில் (ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் முத்திரை) கேட்டால் முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதியெல்லாம் இடைப்பட்ட ஏஜென்சியின் கூலி.

கேள்வி: மனைவி கானா நாட்டவர். எந்த விமான நிலையத்திலும் என்னை விட்டுவிட்டு அவளைத் தனியே கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட் காரணமா, நிறமா?
(வாசகர், சென்னை)

பதில்: இரண்டும்தான். நிறம் இல்லை என்று மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டால் வரும் பாதியை நீங்களே குறைத்துக்கொள்ளலாம். நிறத்தால் வரும் பாதியைச் சமாளிக்கத்தான் முடியும்.

முதலில் பாஸ்போர்ட். இருவர் டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் விமான நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் ஜோடியே இல்லை. விசா சரிபார்க்க வேண்டியவர்களுக்கு ஆன்லைன் செக்-இன் பாதியில் நின்றுவிடும். அது தண்டனை இல்லை. கவுன்ட்டரில் ஊழியர் ஆவணத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று அர்த்தம். அதனால் கவுன்ட்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். இறங்கும் நாட்டின் விசா, திரும்பும் டிக்கெட், இந்தியாவுக்குள் மறுபடி நுழைய அவருக்கு உள்ள விசா, மூன்றையும் காகிதமாக மனைவியின் கைப்பையிலேயே வையுங்கள். உங்கள் பையில் அல்ல. கூப்பிட்டுக்கொண்டு போவது அவரைத்தான்.

விசாரணை அறையில் ஜோடிகளைப் பிரித்துத்தான் கேட்பார்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், யார் செலவு, கல்யாணம் எந்தத் தேதியில், எங்கே. கேள்விகள் சாதாரணமானவை. பதில்கள் பொருந்தாவிட்டால்தான் சிக்கல். பல கணவர்களுக்கு ஹோட்டல் பெயர் தெரியாது, பல மனைவிகளுக்குத் திரும்பும் தேதி தெரியாது. விமானத்தில் ஏறுமுன் இருவரும் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். பாசத்தில் செய்வதுதான் என்றாலும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ‘இந்தப் பெண்ணைப் பேசவிடாமல் தடுக்கிறான்’ என்றுதான் தோன்றும்.

இனி நிறம். அங்கேயே நின்று சண்டை போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். இணைப்பு விமானம் போய்விடும். அதிகாரியின் பெயர் அல்லது பேட்ஜ் எண், நேரம், கவுன்ட்டர் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு ஊர் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். அமெரிக்கப் பயணங்களில் போர்டிங் பாஸில் நான்கு ‘எஸ்’ எழுத்து வரிசையாக அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை உறுதி. ஒரு முறை வந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வந்தால், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ‘ட்ரிப்’ என்ற முறையீட்டுத் திட்டத்தில் விண்ணப்பித்து ஓர் எண் வாங்கலாம். டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைச் சேர்த்தால், பெயர்க் குழப்பத்தால் நிறுத்தப்படுகிறவர்களுக்கு நிவாரணம் கிடைக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கானாவில் மாமனார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது இருவருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து புறப்பட்டு 6 நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், அதிகபட்சம் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இந்தியர் என்பதால் விலக்கு இல்லை. ஊசி போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது ஓடுவதில் பலனில்லை.

கேள்வி: மனைவி பிரிட்டிஷ்காரர், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டவர் விசா இல்லாமல் இந்தியா வந்து தங்க உதவும் அட்டை) வைத்திருக்கிறார். பூட்டான், நேபாளம் போகிறோம். இரண்டும் பக்கத்து நாடுகள்தானே, பெரிதாக ஒன்றும் வேண்டாம் அல்லவா?
(வாசகர், மதுரை)

பதில்: உங்களுக்கு வேண்டாம். அவருக்கு எல்லாம் வேண்டும். இந்த ஜோடிகள் அதிகம் ஏமாறுவது தூர தேசங்களில் அல்ல, இந்தப் பக்கத்து நாடுகளில்தான்.

ஓ.சி.ஐ. அட்டைக்கு மதிப்பு இந்தியாவுக்குள் மட்டும். பூட்டான் அவருடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கும். பூட்டான் அரசுக்கு இந்தியர் கட்ட வேண்டியது ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். மற்ற நாட்டவருக்கு ஓர் இரவுக்கு 100 டாலர், அதற்கு மேல் விசா விண்ணப்பத்துக்கு 40 டாலர். 5 இரவு தங்கினால் உங்களுக்கு 6,000 ரூபாய், அவருக்கு 540 டாலர். ஒரே அறை, ஒரே சாப்பாடு! அவர் விசாவை ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். உங்களுக்கு 6 மாதம் செல்லுபடியுள்ள பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதார் போதாது.

தரைவழியாகப் போனால் ஜெய்காவ்ன் ஊரைக் கவனியுங்கள். அங்கிருந்து பூட்டானின் புன்ட்ஷோலிங்குக்கு ஒரு வாசலைத் தாண்டினால் போதும். இந்தியர்கள் வெளியேறும் முத்திரை இல்லாமலே கடந்துவிடலாம். கார் டிரைவரும் அந்த நினைப்பில் நேராக ஓட்டிவிடுவார். உங்கள் மனைவி ஜெய்காவ்னில் உள்ள இந்திய இமிக்ரேஷன் அலுவலகத்தில் இறங்கி முத்திரை வாங்கியே ஆக வேண்டும். வாங்காவிட்டால் பதிவேட்டில் அவர் இந்தியாவை விட்டு வெளியே போகவே இல்லை. திரும்பி வரும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நேபாள எல்லையிலும் இதே கதைதான், சொல்லப்போனால் அங்கே இமிக்ரேஷன் அறையைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

நேபாளத்தில் அவருக்கு இறங்கியதும் விசா கிடைக்கும்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. டாலர் நோட்டாகக் கையில் வைத்திருங்கள். காட்மாண்டு பசுபதிநாதர் கோயிலின் உள்ளே இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. அங்கே வாசலில் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள். பட்டுச்சேலையும் குங்குமமும் காப்பாற்றாது. போகுமுன்பே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து கோயிலையும் படித்துறைகளையும் இருவருமாகப் பார்க்கலாம்.

ஓ.சி.ஐ. இல்லாமல் விசாவில் இருக்கும் கணவன்மார், மனைவிமாருக்கு ஓர் எச்சரிக்கை. இந்திய விசா ஒரே தடவை நுழையும் வகையா, பல தடவையா என்று பாருங்கள். ஒரே தடவை என்றால் பூட்டானுக்குள் காலெடுத்து வைத்ததும் அது முடிந்தது. இ-விசா என்றால் எந்த நுழைவிடங்களில் செல்லும் என்ற பட்டியலைப் பாருங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான். பூட்டானின் பாரோ விமான நிலையத்திலிருந்து கொல்கத்தாவுக்கோ டெல்லிக்கோ விமானத்தில் திரும்புவது தலைவலி இல்லாத வழி.

கேள்வி: கணவர் வெள்ளைக்காரர். பாங்காக் ஹோட்டலில் என்னிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டு, ‘கூடுதல் விருந்தினர் கட்டணம்’ என்றார்கள். அவமானமாக இருந்தது.
(வாசகி, திருச்சி)

பதில்: இருக்கத்தான் செய்யும். தாய்லாந்தில் பல ஹோட்டல்கள், தங்கியிருக்கும் ஆண் வெளியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தால் வசூலிக்கும் கட்டணம் அது. வெளிநாட்டு ஆண், ஆசியப் பெண் என்றதும் ரிசப்ஷனில் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள்.

பாஸ்போர்ட் கேட்டது மட்டும் தவறில்லை. தங்கும் வெளிநாட்டவர் ஒவ்வொருவர் விவரத்தையும் 24 மணி நேரத்துக்குள் இமிக்ரேஷனுக்குத் தெரிவிப்பது அங்கே ஹோட்டலின் கடமை. ஆனால் இருவரிடமும் கேட்க வேண்டும். ஒருவர் பெயரில் புக் செய்யாமல், ‘2 பேர்’ என்று போட்டு இருவர் பெயரையும் ஏற்றுங்கள். புக்கிங்கை உங்கள் பெயரிலேயே செய்துவிட்டு, ரிசப்ஷனில் நீங்கள் முன்னால் போய்ப் பேசுவது இன்னும் நல்லது. பெண் பெயரில் அறை இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. அப்படியும் கேட்டால், அறை வாடகை இருவருக்கானது என்று எழுதியிருக்கும் உறுதிச்சீட்டைக் காட்டுங்கள்.

மலேசியாவில் திருமணமாகாத ஜோடி ஒரே அறையில் இருப்பதைக் குற்றமாக்கும் ஷரியா சட்டம் முஸ்லிம்களுக்கு உரியது. ஜோடியில் ஒருவர் முஸ்லிமாக இருந்தாலும், பெயர் அப்படித் தோன்றினாலும் திருமணச் சான்றிதழ் நகல் போனில் இருக்கட்டும். இந்தோனேசியாவில் 2026 ஜனவரி 2 முதல் புதிய குற்றவியல் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. திருமணத்துக்கு வெளியே உறவு அதில் குற்றம் என்றாலும், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் புகார் கொடுத்தால்தான் வழக்கு. பாலி போகும் தம்பதிகள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: மனைவி போலந்துக்காரர். 4 வயது மகள் அம்மா நிறம், பொன்னிற முடி. நான் கறுப்பு. குழந்தையை மட்டும் அழைத்துக்கொண்டு லண்டனில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். பிரச்சினை வருமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: கேள்வி வரும். தயாராக இருந்தால் பிரச்சினையாகாது. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில், மறைந்த செனட்டர் ஜான் மெக்கெயினின் மனைவி சிண்டி மெக்கெயின், குழந்தையும் கூட இருந்த பெண்ணும் வேறு வேறு இனமாகத் தெரிகிறார்கள் என்று போலீசிடம் சொன்னார். போலீஸ் விசாரித்துத் தப்பாக எதுவும் இல்லை என்றது. அதிகாரிகள் மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரரும் சந்தேகப்படலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

எடுத்துப்போக வேண்டியவை: இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் அசல், திருமணச் சான்றிதழ் நகல், மனைவியின் பாஸ்போர்ட் நகல், அவர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம். கடிதத்தில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், உங்கள் பாஸ்போர்ட் எண், பயணத் தேதிகள், விமான எண், லண்டன் முகவரி, மனைவியின் போன் எண் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள். நீங்கள் இறங்கும் நேரத்தில் மனைவி போனை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். கடிதத்தைவிட அந்த ஓர் அழைப்புதான் பல நேரம் விஷயத்தை முடிக்கிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சங்கடம் குடும்பப்பெயர். உங்கள் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் அல்லது உங்கள் அப்பா பெயர் இருக்கும்; மகளுக்கு உங்கள் பெயர்; மனைவிக்குப் போலந்துப் பெயர். மூவருக்கும் மூன்று. பிரிட்டிஷ் எல்லை அதிகாரிகள் பெயர் மாறுபட்டால் உறவுக்கு ஆதாரம் கேட்பது வழக்கம். உங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தால் துபாய் வழி டிக்கெட்டில் கவனம்: அங்கே விசிட் விசாவில் ஊருக்குள் போவதற்கு 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் சிக்கல்.

மகளிடம் அதிகாரி குனிந்து ‘இது யார்?’ என்று கேட்பார். ‘அப்பா’ என்றால் புரியாது, ‘டாடி’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். தேவையில்லை. குழந்தை எந்த மொழியில் சொன்னாலும், சொல்லும் விதத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒத்திகை பார்த்த குழந்தைதான் தடுமாறும்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் வழியாக ஐஸ்லாந்து. விமானம் மாறுவதற்கு மட்டும்தானே, எனக்கு (இந்தியப் பாஸ்போர்ட்) பிரிட்டிஷ் விசா வேண்டுமா? கணவர் கனடாக்காரர், அவருக்கு வேண்டாம் என்கிறார்.
(வாசகி, வேலூர்)

பதில்: வேண்டும். இந்தியர்களுக்கு லண்டனில் வெளியே வராமல் விமானம் மாறவும் டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியுள்ள அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா இருந்தால் விலக்கு உண்டு. ஐஸ்லாந்துக்கு நீங்கள் வாங்கும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசா அந்தப் பட்டியலில் இல்லை. பொது விதி: டிக்கெட் தேடும்போது பலவீனமான பாஸ்போர்ட்டை வைத்துத் தேடுங்கள். வலுவான பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் புக்கிங் வேலையை ஒப்படைக்கவே கூடாது. அவருக்கு இதெல்லாம் தோன்றவே தோன்றாது.

கேள்வி: ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு நகலோடு சுற்றலாமா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: ஊருக்குள் பலர் அப்படித்தான் சுற்றுகிறார்கள். ரயிலில் எல்லை தாண்டும் நாளில் கூடவே கூடாது. இத்தாலியின் வென்டிமிலியாவிலிருந்து நீஸ் போகும் ரயிலில், பிரான்சுக்குள் முதல் நிலையமான மென்டான் கராவானில் போலீஸ் ஏறுகிறது. பெட்டி முழுவதையும் கேட்பதில்லை, நிறம் கறுத்தவர்களைத் தேடி வருகிறார்கள். வெள்ளைக்காரக் கணவர் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் மட்டும் கேட்பது சாதாரணம். அசல் இல்லாவிட்டால் இறக்கிவிடுவார்கள். ஜெர்மனியும் 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் கணவரும் தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டி ‘நாங்கள் ஒன்றாக வருகிறோம்’ என்று சொல்லட்டும். பேச்சை வளர்க்க வேண்டாம்.

கேள்வி: இமிக்ரேஷனில் ஒரே வரிசையில் நிற்கலாமா, பிரிய வேண்டுமா?
(வாசகர், சேலம்)

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் கணவனோ மனைவியோ ஒன்றியக் குடிமகன் என்றால், இருவரும் ஒன்றியத்தாருக்கான வரிசையில் சேர்ந்து போகலாம். ஊழியர் தடுத்தால் திருமணச் சான்றிதழைக் காட்டுங்கள். தானியங்கி கேட் மட்டும் உதவாது, ஆள் இருக்கும் கவுன்ட்டருக்குப் போங்கள். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே வெளிநாட்டவருக்குக் கைரேகையும் படமும் எடுத்துப் பதிகிறார்கள். முதல் தடவை கூடுதல் நேரம் ஆகும். அமெரிக்காவில் ஒரே வீட்டில் வாழும் குடும்பம் சேர்ந்து ஒரே கவுன்ட்டருக்குப் போகலாம். ஆனால் அமெரிக்கரின் மனைவி சுற்றுலா விசாவில் வந்தால், ‘இப்படியே தங்கிவிடுவாரோ’ என்ற சந்தேகம் எழும். திரும்பும் டிக்கெட், இந்தியாவில் உள்ள வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் மூன்றும் கையில் இருக்கட்டும். பிரிட்டனில் வலுவான பாஸ்போர்ட் உள்ள துணை இ-கேட்டில் (தானியங்கி கேட்) இரண்டே நிமிடத்தில் போய்விடுவார், நீங்கள் கவுன்ட்டரில் ஒரு மணி நேரம் நிற்க நேரலாம். அவரும் உங்களோடு கவுன்ட்டருக்கே வரட்டும்.